தெய்வமானவர்களின் கொலைக்கணக்கு: வார்டன்ஃபெல் தீவும் ஜாவாவின் அரச மரபுகளும்

ஓர் அரசன் இறக்கிறான். இறந்த இடம் எரிமலையின் அடிவாரம். உடனிருந்தவர்கள் நால்வர்; அவர்களுள் மூவர் பின்னர்த் தெய்வங்களாகிறார்கள், நான்காமவன் பேயரசன் என்று பெயர் பெறுகிறான். அந்த இறப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குக் குறைந்தது ஐந்து விவரிப்புகள் உள்ளன. ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவன இரண்டுகூட இல்லை. முதுகலை வகுப்பில் மூலத் திறனாய்வு கற்பிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது. ஆனால் இந்த அரசன் எந்த நாட்டு வரலாற்றிலும் இல்லை. 2002இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'த எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் மூன்றாவது கணினி விளையாட்டான 'மோரோவிண்ட்' படைத்த வார்டன்ஃபெல் என்னும் தீவில்தான் அவன் வாழ்ந்து மடிந்தான். பெயர் நெரேவார்.

கணினி விளையாட்டுகளை வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. அத்தயக்கத்துக்கு நியாயமும் உண்டு: பெரும்பாலான மிகுபுனைவு உலகங்களில் வரலாறு என்பது போரின் பெயர்ப் பட்டியலுக்கு மேல் எதுவுமில்லை. மோரோவிண்ட் வேறுபடுவது ஒரே காரணத்தால். அதன் படைப்பாளர்கள் ஒரு வரலாற்றை எழுதவில்லை. ஓர் ஆவணக் காப்பகத்தை எழுதினார்கள். விளையாடுபவர் தீவில் அலையும்போது கோயில்களிலும் கடைகளிலும் குகைகளிலும் நூற்றுக்கணக்கான நூல்களைக் காண்கிறார். அவை ஒன்றையொன்று மறுக்கின்றன. எது உண்மை என்று விளையாட்டு கடைசிவரை சொல்வதில்லை.

வார்டன்ஃபெல்லின் நடுவே செம்மலை என்னும் எரிமலை. கரையோரங்களில் பெருங்குடிகளின் நகரங்கள். உள்நாட்டுச் சாம்பல் வெளிகளில் மந்தை மேய்க்கும் நாடோடிக் குலங்கள். பெருங்குடிகளும் நாடோடிகளும் டன்மர் என்னும் ஒரே இனத்தவரே. ஆயினும் நகரத்தார் வணங்குவது உயிரோடு நடமாடும் மூன்று தெய்வங்களை: அல்மலெக்சியா, சோதா சில், விவெக். இவர்களுள் விவெக் இத்தீவிலேயே, தன் பெயர் தாங்கிய நகரத்தின் அரண்மனையில் இருக்கிறான். உடலின் ஒரு பாதி பொன்னிறம், மறுபாதி சாம்பல் நீலம். ஆணும் பெண்ணும் கலந்த வடிவம். நிலத்தில் கால் பதியாமல் காற்றில் சம்மணமிட்ட நிலை. அர்த்தநாரீசுவரச் செப்புத்திருமேனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நகரத்தின் மேல் ஒரு விண்கல் விழாமல் தொங்குகிறது. மக்கள் தன்மீது வைத்த அன்பே அதைத் தாங்குகிறது என்பது விவெக்கின் போதனை. அந்தக் கல்லைக் குடைந்து கோயில் நிருவாகம் அமைத்திருப்பது, மாற்றுக் கருத்துடையோருக்கான சிறை. இறைமையின் இரண்டு முகங்களை ஒரே கல்லில் காட்டிய இந்தக் கற்பனை, அரசியல் கோட்பாட்டு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை ஒரு காட்சியில் சொல்லிவிடுகிறது. தமிழில் 'இறை' என்ற ஒரு சொல் கடவுளையும் அரசனையும் வரியையும் ஒருசேரக் குறிப்பது இங்கு நினைவுக்கு வரலாம்.

இனி, அந்த இறப்பு. கோயிலின் அதிகாரப்பூர்வ மரபுப்படி நெரேவார் செம்மலைப் போரில் பட்ட காயங்களால் இறந்த புனிதன். அவனுடைய மூன்று தோழர்கள் தம் அறத்தாலும் தவத்தாலும் தெய்வ நிலை எய்தினார்கள். நாடோடிகளின் வாய்மொழி மரபு வேறு: மலைக்குள் கிடந்த ஒரு தெய்வ இதயத்திலிருந்து ஆற்றல் பெறும் கருவிகளைப் பயன்படுத்த மாட்டோம் என்று சத்தியம் செய்த மூவரும், அடுத்து நடந்த சடங்கிலேயே நஞ்சூட்டப்பட்ட மெழுகுவர்த்தியாலும் ஆடையாலும் மந்திரத்தாலும் அவனைக் கொன்றார்கள். சத்தியத்தை மீறியதற்காக அஸூரா என்னும் பழைய தேவதை சபித்ததால்தான் அந்த இனம் முழுவதும் பொன்னிறம் இழந்து கருமை கொண்டது. விவெக் தன் வாயால் சொல்லும் விவரிப்பு மூன்றாவது. அதில் சத்திய மீறல் உண்டு, கொலை இல்லை. நெரேவாரைக் காயப்படுத்தியவன் தகோத் என்கிறான். தகோத் ஊர் என்ற அந்த நான்காமவனோ, தான் ஆணையைக் காத்து நின்றவன் என்றும் வஞ்சிக்கப்பட்டவன் என்றும் கூறுகிறான்.

ஐந்தாவது விவரிப்பு ஒளிந்திருக்கிறது. விவெக் இயற்றியதாக விளையாட்டுக்குள் வழங்கும் 36 பாடங்கள், உண்மையில் மைக்கேல் கிர்க்பிரைட் எழுதியவை, தெய்வத்தின் பிறப்பையும் வெற்றிகளையும் பாடும் புராணம். முட்டையில் பிறந்தது, அரக்கர்களை வென்றது என்று அதில் எல்லாமே மகிமை. ஆனால் கடைசிப் பாடத்தின் பத்திகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் கொலையைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. 29ஆம் பாடத்தில் வரும் எண்களை விசையாகக் கொண்டு பாடங்களிலிருந்து சொற்களைப் பொறுக்கினால் முழு ஒப்புதல் வாக்குமூலமே கிடைக்கிறது: தான் தெய்வமாகப் பிறக்கவில்லை, விதியும் தன்னைத் தள்ளவில்லை, தானே தேர்ந்து கொன்றேன் என்று. மெய்க்கீர்த்தியின் எழுத்தடுக்கிலேயே குற்றத்தைப் பொறித்து வைத்த மன்னன் அவன்.

இதைப் புனைவாசிரியரின் சாமர்த்தியம் என்று கடந்து போகலாம். ஆனால் ஏறத்தாழ இதே சிக்கல் உண்மையான ஒரு தீவின் வரலாற்றில் இருக்கிறது. அங்கே இரண்டு நூல்கள் எழுநூறாண்டுக்கு முற்பட்ட ஒரு கொலையைப் பற்றி முரண்படுகின்றன. ஒன்று அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஜாவாவின் மஜபாகித் பேரரசில் ஹயாம் உரூக் ஆண்ட காலத்தில், 1365இல், பிரபஞ்சா என்னும் அவைப்புலவர் முடித்த காப்பியம் 'தேசவர்ணனா'. நாகரகிருதாகமம் என்ற பெயரே பரவலாக அறியப்பட்டது. அது அரசனைச் சிவனும் புத்தனுமாகிய ஒரு பரம்பொருளின் வடிவாகப் போற்றித் தொடங்குகிறது. வம்சத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதியில், சக ஆண்டு 1104இல், அதாவது 1182இல், மலைத்தெய்வத்தின் மகனாக, தாய் வயிற்றில் பிறவாத ஒரு வீரன் தோன்றினான் என்கிறது. அவனே ராஜசன். 1222இல் கேதிரி நாட்டு மன்னனை வென்று அரசு நிறுவினான். அவ்வளவுதான். அவன் எங்கிருந்து வந்தான், அவனுக்கு முன் துமாபெல்லை ஆண்டவன் யார், அவன் என்ன ஆனான் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

'பரரதோன்' என்னும் உரைநடை நூல் அந்த இடத்தை நிரப்புகிறது. ஆசிரியர் பெயர் தெரியாத அரசர் வரலாறு அது. 1481 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்வதால் அதன் இன்றைய வடிவம் தேசவர்ணனாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. அதில் ராஜசனின் பெயர் கென் ஆங்ரோக். பிரம்மன் ஒரு குடியானவப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை. சுடுகாட்டில் விடப்பட்டு, உடலில் ஒளி வீசியதால் ஒரு திருடனின் கண்ணில் பட்டு அவனால் வளர்க்கப்படுகிறான். வளர்ந்து சூதாடியாகிறான், வழிப்பறி செய்கிறான். ஜம்புத்தீவிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, லோகவே என்னும் அந்தணர் விஷ்ணுவின் அவதாரத்தைத் தேடி வந்து அவனைச் சூதாட்டக் களத்தில் கண்டுபிடிக்கிறார். ஆக அவன் பிரம்மனுக்குப் பிள்ளை, சிவனுக்கு வளர்ப்பு மகன், விஷ்ணுவின் அவதாரம். மும்மூர்த்திகளையும் ஒரு திருடன்மேல் ஏற்றி வைத்த இந்தத் தாராளத்தைப் பக்தி என்று மட்டும் வாசிக்க முடியாது. எள்ளல் என்று மட்டும் வாசிக்கவும் முடியாது.

துமாபெல்லின் தலைவன் துங்குல் அமெதுங். அவன் கவர்ந்து வந்து மணந்த கென் தெதெஸின் உடலில் ஒளி தெரிந்ததைக் கண்ட கென் ஆங்ரோக், அவளை மணப்பவன் சக்கரவர்த்தி ஆவான் என்று லோகவே சொல்லக் கேட்கிறான். மபு காண்ட்ரிங் என்னும் கொல்லரிடம் கிரிஸ் என்ற குறுவாளைச் செய்யச் சொல்கிறான்; குறித்த காலத்தில் அது முடியாததால் அதே வாளால் அவரைக் குத்துகிறான். இந்த வாள் உன்னையும் உன் மக்களையும் பேரரையும் கொல்லும், ஏழு அரசர் இதனால் சாவர் என்று கொல்லர் சபித்து இறக்கிறார். பின்னர் அந்த வாளைக் கெபோ ஹிஜோ என்ற நண்பன் இரவல் வாங்கி ஊரெல்லாம் காட்டித் திரிகிறான். ஒரு நாள் இரவில் கென் ஆங்ரோக் அதைத் திருப்பி எடுத்துத் துங்குல் அமெதுங்கைக் கொல்கிறான். பழி நண்பன்மேல் விழுகிறது, நண்பனும் கொல்லப்படுகிறான். விதவை கென் ஆங்ரோக்குக்கு மனைவியாகிறாள். அவள் வயிற்றில் அப்போது முதல் கணவனின் குழந்தை அனுசபதி. பிற்காலத்தில் அதே வாளால் ராஜசனைக் கொல்ல ஆள் அனுப்பியவன் அவனே.

இந்நூலின் உச்சம் வேறொரு தெய்வ அரசனின் கதை. கேதிரியின் மன்னன் தண்டாங் கெண்டிஸ் தன்னை வணங்குமாறு அந்தணர்க்கும் துறவிகளுக்கும் ஆணையிடுகிறான். முன்பு எந்த அரசனையும் தாம் வணங்கியதில்லை என்று அவர்கள் மறுக்க, ஈட்டி முனையில் அமர்ந்து, நான்கு கரங்களும் நெற்றிக்கண்ணுமாய்த் தோன்றிக் காட்டுகிறான். அற்புதம் நிகழ்ந்தது என்று நூல் ஒப்புக்கொள்கிறது. அப்படியும் அவர்கள் வணங்கவில்லை. துமாபெல்லுக்கு ஓடிப்போய்க் கென் ஆங்ரோக்கின் பக்கம் சேர்கிறார்கள். பட்டார குரு, அதாவது சிவன், இறங்கி வந்தால்தான் தன்னை வெல்ல முடியும் என்று கேதிரி மன்னன் சொல்ல, கென் ஆங்ரோக் பட்டார குரு என்ற பெயரையே சூடிக்கொண்டு படையெடுக்கிறான். தெய்வமாவதற்கு அற்புதம் போதாது, குருமார்களின் ஒப்புதல் வேண்டும் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொன்ன இடைக்கால நூல் தென்கிழக்காசியாவில் எளிதில் கிடைக்காது.

எந்த நூலை நம்புவது? டச்சு அறிஞர் சி. சி. பெர்க் இந்நூல்களை வரலாறாகவே கொள்ளக் கூடாது, அவை அரசனுக்கு ஆற்றல் சேர்க்கும் சடங்கு எழுத்துகள் என்று வாதிட்டார். கென் ஆங்ரோக் என்றொருவன் வாழ்ந்தானா என்பதே அவர் கேள்வி. பலர் அவரை மறுத்தார்கள்; இலக்கிய நூல்களை மட்டும் வைத்து அந்த விவாதம் முடியக்கூடியதாக இல்லை. 1975இல் கேதிரிப் பகுதியில் 1255ஆம் ஆண்டின் மூல மலுருங் செப்பேடுகள் கிடைத்தபோது ஒரு சிறு கதவு திறந்தது. பரரதோன் தோஜயா என்றொரு அரசனைக் குறிப்பிடுகிறது; அனுசபதியைக் கொன்று அரியணை ஏறியவன். தேசவர்ணனாவில் அவன் பெயரே இல்லை. அவைப்புலவரை நம்பியவர்களுக்கு அவன் கட்டுக்கதை. செப்பேடு தோஜயாவை அரசனாகவே பெயர் சொல்கிறது. ஆனால் துமாபெல்லில் அல்ல, கேதிரியில். ஆக வாய்வழிச் சாயல் மிகுந்த பிற்கால நூல் ஓர் ஆளை நினைவில் வைத்திருந்தது, இடத்தை மாற்றிச் சொன்னது. அரண்மனைக்கு மிக அருகிலிருந்த கவிஞர் அந்த ஆளையே விட்டுவிட்டார். தவறாகச் சொல்லுதல், சொல்லாமல் விடுதல் என்ற இரண்டில் எது பெரிய திரிபு என்பதை மாணவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே நாளெல்லாம் வாதிடலாம்.

கிழக்கு ஜாவாவின் கிடால் கோயில் அனுசபதிக்காக எழுப்பப்பட்டது. தமிழ் மாணவர் அதைப் பள்ளிப்படை என்று உடனே அழைக்க விரும்புவர். ஆனால் சாண்டி எனப்படும் இக்கட்டடங்கள் அரசரின் கல்லறைகள் அல்ல என்பதை இந்தோனேசியத் தொல்லியல் அறிஞர் சோக்மோனோ விரிவாக நிறுவியிருக்கிறார். இறந்த அரசன் அங்கே புதைக்கப்படவில்லை. தெய்வ வடிவில் வந்து அமர்கிறான். கொல்லப்பட்டவனும் தெய்வமாகலாம், கொன்றவனும் ஆகலாம். நெரேவார் புனிதனாக வணங்கப்படும் கோயிலை நடத்துபவர்கள் அவனைக் கொன்றதாக ஐயுறப்படுபவர்களே என்ற வார்டன்ஃபெல்லின் நிலை, ஜாவாவை அறிந்தவருக்கு அவ்வளவு அதீதமாகத் தோன்றாது.

இரண்டு காப்பகங்களுக்கும் இடையே ஓர் ஒற்றுமை மேலும் கவனத்துக்குரியது. வார்டன்ஃபெல் நாடோடிகளின் கொலைக்கதை விளையாடுபவரின் கைக்கு எப்படி வருகிறது? நாடோடியின் வாயிலிருந்து நேராக அல்ல. கோயில் தன் இரகசிய நூல்களை அடைத்துவைத்திருக்கும் 'அபோகிராஃபா' என்ற காப்பகத்தில், ஓர் அறிஞர் எழுதிவைத்த குறிப்பாக வருகிறது. அது போலவே, உர்ஷிலாக்குக் குலத்தின் குறிசொல்லியான நிபானி மேசா தன் மரபில் சில ஆருடங்கள் மறைந்துவிட்டன என்கிறாள். அவற்றைக் கோயிலிலிருந்து பிரிந்த குருமார்களின் ஏடுகளிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் குரல் ஒடுக்கியவரின் ஏட்டில்தான் எஞ்சுகிறது என்ற சிக்கலை ரணஜித் குஹா 1983இல் கிளர்ச்சியடக்கும் எழுத்து பற்றிய தம் கட்டுரையில் இந்தியச் சான்றுகளைக் கொண்டு விளக்கினார். தேசவர்ணனாவின் கதையும் இங்கே சேரும்: அதன் ஓலைச்சுவடி வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1894இல், டச்சுப் படை லொம்போக் தீவின் சக்கரநகர அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டபோது. படையோடு சென்றிருந்த பிராந்தெஸ் என்ற மொழியறிஞர் அரண்மனை நூலகத்தின் சுவடிகளை அழிவிலிருந்து மீட்டார். மீட்டது உண்மை, மீட்க வேண்டிய நிலையை உண்டாக்கியது அவரை அழைத்துச் சென்ற படை என்பதும் உண்மை.

மோரோவிண்டிலும் ஒரு பேரரசு உண்டு. நெரேவார் மறுபிறவி எடுத்து வந்து பொய்த்தெய்வங்களை வீழ்த்துவான் என்பது நாடோடிகளின் ஆருடம். அந்த ஆருடத்தின் அடையாளங்கள் பொருந்தும் ஒரு கைதியைப் பேரரசர் விடுவித்துத் தீவுக்கு அனுப்புகிறார். ஒற்றர் தலைவன் அவனுக்கு வேலை கொடுக்கிறான். விளையாடுபவரே அந்தக் கைதி. அவர் உண்மையில் மறுபிறவிதானா, அல்லது பேரரசு உள்ளூர் நம்பிக்கையைப் பயன்படுத்திச் செய்த அரசியல் ஏற்பாடா? விளையாட்டு இரண்டுக்கும் இடம் விட்டு ஒதுங்குகிறது. விடுதலை செய்ய வெளியாள்தான் வரவேண்டும் என்ற பழைய காலனியக் கதையமைப்பை அது முற்றிலும் உதறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடோடிகள் காத்திருக்கிறார்கள், காத்திருப்பதே அவர்கள் தொழில் என்பதுபோல. இந்த விளையாட்டின் பலவீனமான பகுதி இதுவே.

அந்த ஐயத்துக்கு உண்மை உலகில் பெயர் பெற்ற வழக்கு ஹவாய். 1779 ஜனவரியில் கேப்டன் குக் கியலக்கெகுவா விரிகுடாவில் நங்கூரமிட்டபோது அங்கே மகாஹிக்கித் திருவிழாக் காலம். ஹவாயர் அவரை லோனோ தெய்வமாகவே கண்டார்கள் என்றும், பருவம் தவறித் திரும்பி வந்ததால் சடங்கு ஒழுங்கு குலைந்து பிப்ரவரி 14இல் அவர் கொல்லப்பட்டார் என்றும் மார்ஷல் சாலின்ஸ் வாதிட்டார். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் அதை எதிர்த்தார்: வெள்ளையரைத் தெய்வமாகக் கண்டு பழங்குடியினர் பணிந்தனர் என்பது ஐரோப்பியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட புராணம், ஹவாயரும் நடைமுறை அறிவோடு கணக்குப் போட்டவர்களே. 1995இல் சாலின்ஸ் ஒரு முழு நூலால் விடையளித்தார்: எல்லாரையும் ஒரே நடைமுறைப் பகுத்தறிவில் அடைப்பதே இன்னொரு மேலைத் திணிப்பு என்று. இருவரும் சார்ந்திருந்த ஹவாய்மொழிச் சான்றுகளுள் முதன்மையான ஒன்று 1838இல் லகைனாலுனா மிஷன் பள்ளி மாணவர்களால் தொகுக்கப்பட்டது. வணங்கப்பட்டதை மறுக்காததற்காகக் கடவுள் குக்கைத் தண்டித்தார் என்ற பாடம் அதற்குத் தேவைப்பட்டது. கோயிலின் காப்பகம் இங்கும் நடுவில் நிற்கிறது.

இந்த விவாதத்தின் நிழலில் மறக்கப்படுவது, ஹவாயின் சொந்தத் தெய்வமன்னர்கள் எப்படி முடிவுற்றார்கள் என்பது. மோரோவிண்டின் பின்கதையில் விவெக் மறைந்தபின் விண்கல் விழுகிறது, செம்மலை வெடிக்கிறது. அகதிகளாய் சோல்ஸ்தைம் தீவில் ஒதுங்கிய டன்மரை 2012இல் வந்த 'டிராகன்பார்ன்' காட்டும்போது, அவர்களின் குருமார் பழைய மூவரைப் பொய்த்தெய்வங்கள் என்று நிதானமாக அறிவிக்கிறார்கள். ஹவாயில் எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. 1819இல் முதலாம் கமேஹமேஹா இறந்தார். ஆணும் பெண்ணும் ஒன்றாக உண்ணக் கூடாது என்ற கபுவின்மேல்தான் அரசரின் தெய்வத்தன்மை நின்றது. அவர் மனைவி கஅஹுமனுவும், தீவுகளிலேயே மிக உயர்ந்த தெய்வக் குருதி உடையவள் என்று மதிக்கப்பட்டவளும் புதிய அரசன் லிஹோலிஹோவின் தாயுமான கெயோபுவோலானியும் அந்த விலக்கைக் கைவிட்டார்கள். லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டான். கோயில்களை இடிக்க ஆணை போனது. யாருடைய காலடியில் மக்கள் குப்புற விழ வேண்டியிருந்ததோ, அவளே அந்த ஒழுங்கைக் கலைத்தாள். மறைகுறி எதுவும் எழுதாமல், பகலில், எல்லார் முன்னிலையிலும்.

எல்லாரும் இசையவில்லை. போர்த்தெய்வத்தின் காவல் பொறுப்பு அளிக்கப்பட்டிருந்த கெகுவாவோகலானி பழைய முறைக்காகப் படை திரட்டினான். அவ்வாண்டு டிசம்பரில் குவமோவோ என்னும் எரிமலைக் குழம்பு உறைந்த வெளியில் அவனும், அவனருகே நின்று போரிட்ட மனைவி மனோனோவும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். இறந்தவர்களை அங்கேயே எரிமலைக் கற்களை அடுக்கி மூடினார்கள். அந்தக் கற்குவியல்கள் இன்றும் இருக்கின்றன. அடுத்த சில மாதங்களில் முதல் அமெரிக்க மிஷனரிக் கப்பல் வந்து சேர்ந்தபோது, கரையில் கோயில்கள் ஏற்கெனவே இடிந்து கிடந்தன.